மருந்துக்கு மசியாத கிருமி கொதிநீருக்கு மசியும்



உணவுப் பாதுகாப்பு என்பது அறிவியல் பாடத்திலும் வரும், தமிழ்மொழிக் கட்டுரையிலும் வரும் தலைப்பு. அதில் மருந்தை எதிர்க்கும் கிருமிகளைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னால், “இக்கிருமிகளை எதனாலும் அழிக்க முடியாது” என்று எழுதிவிடத் தோன்றும். படிக்கப் பயமாத்தான் இருக்கும். ஆனால், அது தவறு.

மருந்தை எதிர்க்கும் கிருமி மருந்தை மட்டும்தான் எதிர்க்கும். கொதிநீருக்கு முன்னால் அது மற்றக் கிருமியைப் போலத்தான் சாகும். சோப்புப் போட்டுக் கழுவிய கையிலிருந்து மற்றக் கிருமியைப் போலத்தான் அகன்று போகும். “அப்படின்னா எதுக்கு இவ்வளவு கவலை?” என்று கேட்பீங்க. நியாயமான கேள்விதான். வாங்க, படிப்படியாகப் பார்ப்போம்.

1. முதலில் சொற்களில் தெளிவு

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவைக் கொல்லும் அல்லது அதன் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து. தமிழில் நுண்ணுயிர்க்கொல்லி என்றும் நுண்ணுயிர் எதிர்ப்பி என்றும் எழுதுவார்கள். மாணவர்கள் ஏதாவது ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துக் கட்டுரை முழுவதும் அதையே பயன்படுத்துங்கள். சளி, சாதாரணக் காய்ச்சல் ஆகியவற்றைப் பெரும்பாலும் உண்டாக்குவது வைரஸ். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது.

அடுத்து, இரண்டு ‘எதிர்ப்பு’ வருகிறது. இங்கேதான் பலர் வழுக்கி விழுவார்கள். நோய் எதிர்ப்புச் சக்தி நம் உடலுக்கு உரியது. மருந்து எதிர்ப்பாற்றல் கிருமிக்கு உரியது. “என் உடம்பு அந்த மருந்துக்குப் பழகிப்போச்சு, இனிமே கேட்காது” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீங்க. உண்மையில் மருந்துக்குப் பழகியது உடம்பு அல்ல. உடம்பில் இருக்கும் கிருமி. அந்தக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். அதனால்தான் வாழ்நாளில் ஆன்டிபயாடிக்கே சாப்பிடாத குழந்தைக்கும் மருந்துக்கு அடங்காத கிருமி தொற்ற முடிகிறது.

மூன்றாவதாக, ஒரு கிருமி கொடியதா என்பது வேறு; மருந்தை எதிர்க்கிறதா என்பது வேறு. மருந்தை எதிர்க்கும் பல கிருமிகள் நம் குடலில் எந்தத் தொல்லையும் தராமல் இருக்கும். மருந்துக்கு அடங்கும் கிருமி ஒன்று கடும் வயிற்றுப்போக்கைத் தரலாம். இரண்டு தன்மையும் ஒரே கிருமியில் சேருவதும் உண்டு. அப்படி ஒரு நிகழ்வைக் கீழே பார்ப்போம்.

2. எதிர்ப்பாற்றல் எப்படிப் பிறக்கிறது, எப்படிக் கைமாறுகிறது?

தோட்டத்தில் களைக்கு மருந்து அடிப்பதைப் பார்த்திருப்பீங்க. பெரும்பாலான களை காய்ந்துவிடும். எங்கோ ஒன்று, இரண்டு பச்சையாகவே நிற்கும். அடுத்த பருவத்தில் அந்த ஒன்று, இரண்டின் விதைதான் அந்த இடம் முழுவதும் முளைக்கும். மறுபடியும் அதே மருந்தை அடித்தால் பலன் இருக்காது.

பாக்டீரியாவிலும் இதுவே நடக்கிறது. இலட்சக்கணக்கான பாக்டீரியாவில் ஒன்றுக்கு மரபணுவில் தற்செயலாக ஒரு மாற்றம் ஏற்பட்டிருக்கும். ஆன்டிபயாடிக் வந்ததும் மற்றவை செத்துவிடும், அது மட்டும் பிழைக்கும், போட்டியில்லாமல் பெருகும். மருந்து அந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை. அந்த மாற்றம் உள்ளதைத் தேர்ந்தெடுத்தது. ‘இயற்கைத் தேர்வு’ என்று உயிரியலில் படிப்பது இதைத்தான். பெனிசிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, போதாத அளவில் மருந்து எடுத்தால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார்.

களைக்கு இல்லாத ஒரு வசதி பாக்டீரியாவுக்கு உண்டு. எதிர்ப்பாற்றல் தரும் மரபணு பல நேரங்களில் பிளாஸ்மிட் எனப்படும் சிறிய வளைய டிஎன்ஏவில் இருக்கும். ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் வேறு பாக்டீரியாவோடு ஒட்டிக்கொண்டு, அந்தப் பிளாஸ்மிட்டின் நகலைக் கொடுத்துவிடும். ஒரு மாணவன் எழுதிய குறிப்பை வகுப்பு முழுவதும் நகல் எடுத்துக்கொள்வது போலத்தான். வாங்குவது அதே இனமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலி, சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியாவுக்குப் பல மருந்துகளை எதிர்க்கும் ஆற்றலை ஒரே தடவையில் கொடுக்க முடியும் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1959ஆம் ஆண்டு வாக்கிலேயே காட்டினார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தீங்கில்லாத கிருமிகூட எதிர்ப்பாற்றலைச் சுமந்து வந்து, தீங்குள்ள கிருமிக்குக் கொடுக்கலாம்.

3. காய்கறிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கீரை ஆன்டிபயாடிக் சாப்பிடுவதில்லை. அப்புறம் எப்படி அதன்மேல் இந்தக் கிருமி வருகிறது?

முதல் வழி எரு. கோழிக்கும் மாட்டுக்கும் பன்றிக்கும் ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது அவற்றின் குடலில் எதிர்ப்பாற்றல் உள்ள பாக்டீரியா பெருகும். சாணத்தோடு அது வெளியே வரும். எருவை முறையாக மக்க வைத்தால் உள்ளே எழும் சூட்டில் பெரும்பாலானவை செத்துப்போகும். பச்சையாக அப்படியே பாத்தியில் போட்டால் மண்ணுக்கும் இலைக்கும் போகும். பதப்படுத்தாத கோழி எருவைப் பற்றி நம் கேமரன் மலையில் பேச்சு எழும்போதெல்லாம் ஈத் தொல்லைதான் முதலில் நினைவுக்கு வரும். கண்ணுக்குத் தெரியும் ஈயைவிட, தெரியாத கிருமியே இங்கு நமக்குப் பாடம்.

இரண்டாவது வழி தண்ணீர். கழிவு கலந்த ஆற்று நீரையோ குட்டை நீரையோ பாய்ச்சினால் காய்கறியில் கிருமி ஏறும். அறுவடைக்குப்பின் அழுக்குத் தொட்டியில் அலசினால், ஒரு கட்டில் இருந்தது எல்லாக் கட்டுக்கும் பரவும்.

மூன்றாவது வழி கை. பறிப்பவர், அடுக்குபவர், விற்பவர், வாங்குபவர், சமைப்பவர் என எத்தனை கை! கடைசியாக, கோழி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காயை நறுக்கும் நம் வீட்டுக் கை.

இறைச்சியையும் நாம் கிருமி பட்ட நிலையில்தான் வாங்குகிறோம். ஆனால், அதை வேக வைக்கிறோம். நாசி லெமாக்கின் ஓரத்தில் இருக்கும் வெள்ளரித் துண்டு, உலாமுக்கு வைக்கும் வல்லாரை, ரோஜாக்கில் போடும் காய், சாலட் இலை இவையெல்லாம் பச்சையாகவே வாய்க்குப் போகின்றன. காய்கறியைத் தனியாகப் பேச வேண்டிய காரணம் இதுதான்.

4. ஜெர்மனி, 2011: வெள்ளரிக்காய் சுமந்த பழி

2011 மே மாதம் ஜெர்மனியின் வடபகுதியில் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோடு மக்கள் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினர். பலர் நல்ல உடல்நலத்தோடு இருந்த பெரியவர்கள். அதிலும் பெண்களே அதிகம். நோய் அடங்கியபோது அந்நாட்டில் 3,800க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தனர். 800க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும் கடும் சிக்கல் வந்தது. 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

காரணம் ஈ.கோலி ஓ104:எச்4 என்ற வகை. நஞ்சு சுரக்கும் ஆற்றலும் குடல் சுவரில் வலுவாக ஒட்டிக்கொள்ளும் ஆற்றலும் அதனிடம் ஒன்றாக இருந்தன. கூடவே, பெனிசிலின் வகை மருந்துகளையும் செஃபலோஸ்போரின் வகை மருந்துகளையும் சிதைக்கும் நொதியும் இருந்தது. அந்த நொதிக்குரிய மரபணு ஒரு பிளாஸ்மிட்டில் இருந்தது.

மே 26 அன்று ஹாம்பர்க் நகர அதிகாரிகள் ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காயைக் காரணமாகக் காட்டினர். சில நாளில், வெள்ளரியில் இருந்தது வேறு வகை ஈ.கோலி என்று ஆய்வகம் சொன்னது. அதற்குள் ஐரோப்பா முழுவதும் காய்கறி வாங்க ஆளில்லை. ரஷ்யா ஐரோப்பியக் காய்கறிக்குத் தடை போட்டது. பிழை செய்யாத விவசாயிகளின் விளைச்சல் குப்பைக்குப் போனது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் 20 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு தர வேண்டியதாயிற்று.

உண்மையான காரணம் எப்படித் தெரிந்தது? நோயாளிகளிடம் “என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டால் தக்காளி, வெள்ளரி, கீரை என்றார்கள். தட்டில் அலங்காரமாகத் தூவியிருந்ததை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. எனவே, ஆய்வாளர்கள் ஓர் உணவகத்துக்குப் போய்ச் சமையல்காரரிடம், “எந்தப் பதார்த்தத்தில் என்னென்ன போட்டீங்க?” என்று விசாரித்தனர். முளைப்பயிர் கலந்த உணவைச் சாப்பிட்டவர்களே பல மடங்கு அதிகமாக நோயுற்றிருந்தது தெரிய வந்தது. ஜூன் 10 அன்று முளைப்பயிரே காரணம் என்று அறிவித்தனர். ஜூன் மாதம் பிரான்சில் போர்டோ நகருக்கு அருகிலும் சிலருக்கு அதே நோய் வந்தது. இரண்டு நாட்டுத் தடத்தையும் பின்தொடர்ந்து போனபோது, எகிப்திலிருந்து இறக்குமதியான ஒரே தொகுதி வெந்தய விதையில் போய் நின்றது.

ஆம், நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் அதே வெந்தயம்தான்! பரிசோதித்த விதைகளில் அந்தக் கிருமி கிடைக்கவில்லை. விதை போன பாதைதான் சாட்சி சொன்னது.

வெந்தயத்தின் மேல் குற்றமா? இல்லை. அதைத் தாளித்தோ வேக வைத்தோ சாப்பிட்டால் பிரச்சினை இல்லை. முளை கட்டுவது என்பது வெதுவெதுப்பும் ஈரமும் சில நாள் நீடிப்பது. விதை முளைக்கத் தேவையான அதே சூழல் பாக்டீரியாவுக்கும் விருந்து. விதையின் பிளவில் ஒளிந்திருக்கும் சில கிருமிகள் முளை வரும்போது கோடிக்கணக்கில் பெருகிவிடும். வெளியே கழுவினால் போகாது. நாம் சாப்பிடும் தவ்கேவும் இப்படி வளர்வதுதான். ஆகவே, அதை நன்றாக வேக வைத்துச் சாப்பிடுவது நல்லது.

இந்த நிகழ்வைக் கட்டுரையில் எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். “மருந்து வேலை செய்யாததால் இத்தனை பேர் இறந்தனர்” என்று எழுதாதீர்கள். அந்தக் கிருமி சுரந்த நஞ்சே உயிரைப் பறித்தது. இவ்வகை நஞ்சைச் சுரக்கும் ஈ.கோலிக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதைப் பொதுவாகவே மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். நஞ்சு இன்னும் அதிகமாக வெளிப்படக்கூடும் என்ற அச்சமே காரணம். கொடுமையும் எதிர்ப்பாற்றலும் ஒரே கிருமியில் சேர முடியும், அது உணவு வழியே நாடு தாண்டிப் போகும் என்பதற்கே இது சான்று.

5. அப்படியானால் எதிர்ப்பாற்றலால் என்ன ஆபத்து?

இங்கேதான் நாம் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறது.

மருந்தை எதிர்க்கும் ஈ.கோலி ஒரு கீரைத் துண்டோடு வயிற்றுக்குள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் வராது, வயிறும் வலிக்காது. ஒன்றுமே தெரியாது. அது குடலில் வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கில் தங்கலாம். பக்கத்துக் கிருமிகளுக்குத் தன் பிளாஸ்மிட்டைக் கொடுக்கலாம். பிறகு ஒரு நாள், வீட்டில் பாட்டிக்குச் சிறுநீர்ப் பாதையில் தொற்று வருகிறது. இந்தத் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்குவது அவரவர் குடலில் இருக்கும் ஈ.கோலிதான். மருத்துவர் வழக்கமான மாத்திரை கொடுக்கிறார், கேட்கவில்லை. வேறு மாத்திரை, அதுவும் கேட்கவில்லை. தொற்று இரத்தத்துக்குப் போனால் மருத்துவமனையில் படுக்க வைத்து, கடைசிக் கட்டத்துக்கென ஒதுக்கி வைத்திருக்கும் மருந்தை ஊசி வழியாகக் கொடுக்க வேண்டி வரும். அதுவும் கேட்காவிட்டால்?

அறுவை சிகிச்சை, புற்றுநோய் சிகிச்சை, குறைமாதக் குழந்தையின் பராமரிப்பு எல்லாமே ஆன்டிபயாடிக்கை நம்பித்தான் நடக்கின்றன. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1.27 மில்லியன் மரணங்களுக்கு மருந்தை எதிர்க்கும் பாக்டீரியா நேரடிக் காரணம் என்று 2022இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

இதில் காய்கறியின் பங்கை மிகைப்படுத்தவும் கூடாது. நெதர்லாந்து மக்களிடையே செஃபலோஸ்போரினை எதிர்க்கும் ஈ.கோலி எப்படிப் பரவுகிறது என்று கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. சுமார் 60 விழுக்காடு மனிதரிடமிருந்து மனிதருக்கும், சுமார் 19 விழுக்காடு எல்லா உணவும் சேர்ந்த வழியிலும் வருவதாக அது மதிப்பிட்டது. ஆக, காய்கறி ஒரு வழி. ஒரே வழி அல்ல. இரண்டு வழிக்கும் பொதுவான பூட்டு ஒன்று இருக்கிறது. அதுதான் கை கழுவுதல்.

6. சமையலறையில் செய்ய வேண்டியவை

அ. கழிப்பறைக்குப் போய் வந்த பிறகும், இறைச்சியைத் தொட்ட பிறகும், சமைக்கும் முன்னும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள்.

ஆ. காய்கறியை நறுக்கும் முன்பே ஓடும் நீரில் கழுவுங்கள். கீரையை இலை இலையாகப் பிரித்துக் கழுவுங்கள். முட்டைக்கோஸின் வெளி இலைகளை நீக்கிவிடுங்கள். தோல் சீவும் காயையும் முதலில் கழுவ வேண்டும்; இல்லாவிட்டால் தோலில் இருப்பதைக் கத்தியே உள்ளே கொண்டுபோகும்.

இ. காய்கறிக்குச் சோப்பு வேண்டாம். உப்பு, மஞ்சள் கலந்த நீரில் ஊற வைப்பது மண்ணும் பூச்சியும் வெளியேற உதவும். அதனால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. கழுவுவதால் கிருமி குறையும், முழுசாப் போகாது.

ஈ. இறைச்சிக்கு ஒரு பலகை, ஒரு கத்தி. பச்சையாகச் சாப்பிடும் காய்க்கு வேறு. பச்சைக் கோழியைக் குழாயடியில் அலசினால் தெறிக்கும் நீர் பக்கத்தில் இருக்கும் காய்கறியில் விழும். கவனம் தேவை.

உ. உணவின் நடுப்பகுதி 70 பாகை செல்சியஸ் சூட்டை எட்டும்படி சமைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இந்தச் சூட்டில் மருந்தை எதிர்க்கும் ஈ.கோலியும் சாகும், எதிர்க்காத ஈ.கோலியும் சாகும்.

ஊ. நறுக்கிய பழம், சாலட், சமைத்த உணவு எதையும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் 5 பாகைக்குக் கீழே வையுங்கள்.

முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், சிகிச்சையில் இருப்போர் ஆகியோருக்கு முளைப்பயிரைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். மற்றபடி, இதையெல்லாம் படித்துவிட்டுக் காய்கறியே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீங்க! காய்கறி சாப்பிடாததால் வரும் கேடு இதைவிடப் பெரிது.

7. சமையலறைக்கு வெளியே

கொதிநீர் நம் தட்டைக் காக்கும். மருந்தைக் காப்பாற்ற வேண்டிய இடங்கள் பண்ணையும் மருந்தகமும். கோலிஸ்டின் என்ற பழைய மருந்து, மற்றவை கைவிட்டபோது உதவும் கடைசி மருந்துகளில் ஒன்று. அதையே பல நாடுகளில் கால்நடைத் தீவனத்தில் கலந்து வந்தார்கள். கோலிஸ்டினை எதிர்க்கும் மரபணு பிளாஸ்மிட்டில் ஏறிவிட்டதைச் சீன ஆய்வாளர்கள் 2015 நவம்பரில் வெளியிட்டனர். பன்றியிலும், கடை இறைச்சியிலும், நோயாளிகளிடமும் அது இருந்தது. கால்நடை வளர்ச்சிக்காக அதைத் தீவனத்தில் கலப்பதைச் சீனா 2017இல் நிறுத்தியது. மலேசியா 2019 ஜனவரி 1 முதல் உணவுக்கான கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் தருவதைத் தடை செய்தது.

நம் பங்கு எளிது. சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு மருத்துவரை வற்புறுத்தக் கூடாது. மீந்த மாத்திரையைத் தங்கைக்கோ அண்டை வீட்டாருக்கோ கொடுக்கக் கூடாது. மருத்துவர் சொன்ன அளவிலும் நாளிலும் சாப்பிட வேண்டும்.

8. வகுப்பறைக்கு

மஞ்சள் நடவடிக்கை (15 நிமிடம்): ஒரு மாணவர் உள்ளங்கையில் சிறிது எண்ணெயும் மஞ்சள் தூளும் தடவிக்கொள்ளட்டும். அந்தக் கையால் வெள்ளரிக்காய், பலகை, பிளாஸ்டிக் கத்தியின் பிடி, நண்பரின் கை ஆகியவற்றைத் தொடட்டும். மஞ்சள் எங்கெல்லாம் போனது என்று மற்றவர்கள் பட்டியலிடட்டும். பின்னர் ஒருவர் தண்ணீரில் மட்டும், இன்னொருவர் சோப்புப் போட்டுக் கழுவி ஒப்பிடட்டும்.

கணக்கு: ஈ.கோலி ஏற்ற சூழலில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். ஒன்றில் தொடங்கினால் ஒரு மணி நேரத்தில் 8. இரண்டு மணி நேரத்தில் 64. ஏழு மணி நேரத்தில் 2,097,152. காலையில் நறுக்கி மேசையில் வைத்த சாலட்டை மாலையில் ஏன் சாப்பிடக் கூடாது என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

மாதிரி வினாக்கள்:

1. “மருந்தை எதிர்க்கும் கிருமிகளை எதனாலும் அழிக்க முடியாது.” இக்கூற்று சரியா? காரணம் கூறுக. (குறிப்பு: எதிர்ப்பாற்றல் மருந்துக்கு மட்டுமே, சூடு இரு வகையையும் கொல்லும்.)

2. நோய் எதிர்ப்புச் சக்திக்கும் மருந்து எதிர்ப்பாற்றலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக. (குறிப்பு: ஒன்று உடலுக்கு உரியது, மற்றொன்று கிருமிக்கு உரியது.)

3. ஜெர்மனியில் 2011இல் வெள்ளரிக்காய் மீது தவறாகப் பழி விழுந்ததால் ஏற்பட்ட விளைவுகள் இரண்டனைக் குறிப்பிடுக. செய்தியைப் பகிரும் முன் நாம் கற்க வேண்டிய பாடம் யாது? (குறிப்பு: விவசாயிகளின் இழப்பு, வணிகத் தடை, ஆய்வு முடிவு வரும்வரை பொறுத்தல்.)

4. உயர்நிலைச் சிந்தனை: எந்த நோயும் தராத ஒரு பாக்டீரியா, மருந்தை எதிர்க்கும் தன்மை கொண்டிருந்தால் நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? (குறிப்பு: பிளாஸ்மிட், குடலில் தங்குதல், பின்னாளில் வரும் தொற்று.)

நான்காவது வினாவுக்கு மாணவர் சொந்த நடையில் நான்கு வரி எழுதிவிட்டால், இந்தப் பாடம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று ஆசிரியர்கள் நம்பலாம்.